கவுண்டரில் சாப்பிடுங்கள், லவுஞ்சில் பேசுங்கள்

கேள்வி இதுதான்: "திருமண நாளுக்கு மனைவியோடு ஓர் உயர்தர ஜப்பானிய உணவகத்துக்குப் போகிறேன். லவுஞ்ச் பாரும் சேர்ந்த இடம். மெனுவில் பாதி புரியவில்லை. நான் எல்லாம் சாப்பிடுவேன், மனைவி சைவம். ஒமகாசே எடுக்கலாமா? எதற்குப் பணம் கொடுப்பது நியாயம், எது தண்டம்? குடிக்க என்ன சொல்வது?"

இப்படிப்பட்ட ஓர் இடத்தில் சில வருடம் பரிமாறும் வேலை பார்த்தவன் நான். அங்கிருந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். என்ன ஆர்டர் செய்வது என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் எங்கே உட்காருவது என்று முடிவு செய்யுங்கள். பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது அங்கேதான்.

ஒரே கூரைக்குக் கீழே அங்கே இரண்டு தொழில் நடக்கிறது. கவுண்டர் என்றால் செஃப் உங்கள் எதிரிலேயே நின்று செய்துதருகிற நீள மேசை. அங்கே விற்பது நொடிக் கணக்கு. செஃப்பின் கையிலிருந்து உங்கள் வாய்க்கு எவ்வளவு சீக்கிரம் வருகிறதோ அவ்வளவு ருசி. லவுஞ்சில் எல்லாம் நேர்மாறு. மங்கலான வெளிச்சம், தாழ்வான சோபா, டிஜே என்று எல்லாமே நேரம் போவது உங்களுக்குத் தெரியாமல் இருப்பதற்காகச் செய்த ஏற்பாடு. இரண்டும் நல்லதுதான். ஆனால் கவுண்டர் சாப்பாட்டை லவுஞ்சுக்கு வரவழைத்தால் இரண்டும் கெட்டுப்போகும்.

ஒரு சம்பவம். லவுஞ்சின் கோடி மேசையில் ஆறு பேர். நிகிரி, அதாவது சோற்றுப் பிடியின் மேல் மீன் துண்டு வைத்த சுஷி, பெரிய தட்டாக ஒன்று கேட்டார்கள். கொண்டுபோய் வைத்தேன். போட்டோ எடுத்தார்கள், காக்டெய்ல் வந்தது, மறுபடி போட்டோ, பிறகு அலுவலக வம்பு. இருபது நிமிடம் கழித்து என்னைக் கூப்பிட்டு, "சோறு விறைச்சுப் போயிருக்கே" என்றார் ஒருவர். தட்டை உள்ளே எடுத்துப் போனேன். செஃப் தட்டைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் புதிதாக ஆறு துண்டு மட்டும் பிடித்துக் கொடுத்தார். "இப்பவே சாப்பிடச் சொல்லு" என்பது மட்டும்தான் அவர் சொன்னது.

நிகிரியைக் கிட்டத்தில் பார்த்தால் காரணம் புரியும். வினிகர் கலந்த சோறு ஏறக்குறைய உடம்புச் சூட்டில் இருக்கும். மீன் அதைவிடக் குளிர்ச்சி. நல்ல கைப்பக்குவம் உள்ளவர் சோற்றை அழுத்தி உருட்டுவதில்லை. வெளிப்பக்கம் பிடிமானமாகவும் உள்ளே காற்று இருக்கிற மாதிரியும் பிடிப்பார். தட்டில் வைத்ததும் அந்தத் துண்டு தன் கனத்தில் லேசாக அமுங்கும், உற்றுப் பார்த்தால் தெரியும். வாயில் போட்டதும் சோறு தானாக உதிர வேண்டும். ஐந்து நிமிடம் விட்டால் சோறு ஆறும், மீன் சூடேறும், உள்ளே இருந்த காற்றும் போய்விடும். அப்புறம் அது வெறும் சோறும் மீனும்தான்.

மற்றதும் இப்படித்தான். கையில் சுருட்டித் தருகிற டெமாக்கியில் நோரி என்ற கடற்பாசித் தாள் மொறுமொறுவென்று இருப்பது ஓரிரு நிமிடம்தான். சோற்றின் ஈரம் பட்டதும் தோல் மாதிரி இழுக்கும். மாவில் தோய்த்துப் பொரிக்கிற டெம்புரா, எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டோடு சாப்பிட வேண்டியது. அசல் வசாபிக் கிழங்கைச் சுறாத்தோல் ஒட்டிய பலகையில் துருவுவார்கள். துருவும்போதுதான் அந்தக் காரமும் மணமும் பிறக்கும். கால் மணி நேரத்தில் பெரும்பகுதி பறந்துவிடும். பல இடங்களில் வருவது குதிரைமுள்ளங்கியில் பச்சை நிறம் சேர்த்த விழுது. வித்தியாசம் கண்ணிலேயே தெரியும். அசல் என்றால் வெளிர் பச்சையில் துருவல் துருவலாக இருக்கும், காரத்துக்குப் பின்னால் ஓர் இனிப்பு வரும். விழுது பளபளவென்று வழுவழுப்பாக இருக்கும், மூக்கில் ஏறுவது தவிர வேறு வேலை தெரியாது.

ஆகவே ரிசர்வேஷன் செய்யும்போதே கவுண்டரில் இரண்டு இடம் கேளுங்கள். முடிந்தால் மூலை இருக்கை. ஒருவரையொருவர் பார்த்துப் பேசலாம், செஃப்பும் எதிரில் இருப்பார். மாலையின் முதல் நேரத்தை எடுங்கள். சாப்பிட்டு முடித்து, குடிப்பதற்கும் பேசுவதற்கும் லவுஞ்சுக்குப் போங்கள். இரண்டு இடத்துக்கும் ஒரே பில்லா, லவுஞ்சில் குறைந்தபட்சச் செலவு என்று ஏதாவது உண்டா, எத்தனை மணிக்கு இருக்கையை விட வேண்டும் என்பதையும் போனிலேயே கேட்டு வையுங்கள்.

'இது அசல் ஜப்பானிய இடமே இல்லையாமே' என்று யாராவது மூக்கைச் சுளித்தால் கண்டுகொள்ளாதீர்கள். ஜப்பானில் நல்ல கடைகள் பெரும்பாலும் ஒரே ஒரு வேலையைச் செய்பவை: சுஷிக் கடையில் சுஷி, டெம்புராக் கடையில் டெம்புரா. எல்லாவற்றையும் ஒரே மெனுவில் வைத்துப் பாட்டும் போடுகிற வடிவம் வெளிநாட்டில் வளர்ந்தது. அதில் பெரிய பங்கு நோபு மட்சுஹிசாவுக்கு. டோக்கியோவில் தொழில் கற்றவர், பெருவின் லிமாவில் கடை நடத்தினார். அங்கே பழகிய மிளகாயும் எலுமிச்சையும் அவர் கையோடு வந்துவிட்டன. 1987இல் பெவர்லி ஹில்ஸில் தன் பெயரில் உணவகம் திறந்தார். 1994இல் நடிகர் ராபர்ட் டி நீரோவோடு சேர்ந்து நியூயார்க்கில் 'நோபு'. அப்புறம் 2002இல் லண்டனில் ரெய்னர் பெக்கர் என்ற ஜெர்மானிய செஃப் தொடங்கிய 'சூமா', ஜப்பானியக் குடிக்கடையான இசகாயாவின் பாணியை ஆடம்பர மண்டபத்துக்குக் கொண்டுவந்தது. இன்று எந்த ஊரில் இப்படி ஓர் இடம் திறந்தாலும் இந்த இரண்டின் சாயல் இருக்கும். மெனுவில் மிசோ என்ற புளிக்கவைத்த சோயா விழுது தடவிச் சுட்ட 'பிளாக் காட்' இருந்தால் அது நோபு பிரபலப்படுத்திய பண்டம். அந்த மீன் காட் இனமே இல்லை, வேறு குடும்பம். இனிப்பான வெள்ளை மிசோவில் மீனை ஊறவைத்துச் சுடுவதும் கியோட்டோவில் பழைய முறைதான். கொழுப்பான மீன் என்பதால் கொஞ்சம் ஆறினாலும் தாங்கும். லவுஞ்ச் மேசையில் தைரியமாக ஆர்டர் செய்யக்கூடிய ஒன்று.

இப்போது ஒமகாசே. 'உங்கள் விருப்பம்போல் கொடுங்கள்' என்று செஃப்பிடம் விட்டுவிடுவதுதான் அதன் பொருள். இருவருமே மீன் சாப்பிடுபவர்களாக இருந்தால் யோசிக்காமல் எடுக்கச் சொல்லியிருப்பேன். அன்று எது நன்றாக வந்திருக்கிறது என்பது மெனுவைவிட அவருக்குத்தான் தெரியும். லேசான வெள்ளை மீனில் தொடங்கி, உப்பும் வினிகரும் பட்ட வெள்ளித்தோல் மீன், பிறகு டூனா, அதற்கும் மேல் கொழுப்பும் மணமும் கூடியவை என்று ஏற்றிக்கொண்டு போவார். ஆனால் உங்கள் மனைவி சைவம். ஒருவருக்கு இருபது துண்டு வரிசையாக வர, பக்கத்தில் இன்னொருவர் வெள்ளரிக்காய் ரோலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது திருமண நாளுக்கு அழகில்லை. சில இடங்களில் முன்கூட்டிச் சொன்னால் காய்கறி ஒமகாசே தனியாகச் செய்வார்கள். கேட்டுப் பாருங்கள், அன்றைக்கு அன்று கேட்டால் நடக்காது. அது இல்லையென்றால், கவுண்டரிலேயே உட்கார்ந்து மெனுவிலிருந்து சொல்லுங்கள். உங்களுக்கு மட்டும் 'இன்று எது நன்றாக இருக்கிறது, ஐந்தாறு துண்டு கொடுங்கள்' என்று செஃப்பிடம் கேட்டால் போதும்.

'மீன் ஃபிரெஷ்ஷா?' என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்வியிலேயே தப்பு இருக்கிறது. டூனா போன்ற பெரிய மீன்களைப் பல நாள் குளிரில் வைத்துப் பதப்படுத்திய பிறகுதான் ருசி கூடும். தூரக் கடலில் பிடிக்கிற டூனாவை மைனஸ் 60 டிகிரியில் உறையவைத்துக் கொண்டுவருவது சாதாரண விஷயம். பச்சையாகச் சாப்பிடும் பல மீன்களை ஒட்டுண்ணிக்காக உறையவைத்தே தீர வேண்டும். அமெரிக்க உணவுத் துறையின் அளவுகோல் மைனஸ் 20 டிகிரியில் 7 நாள். சுஷியில் சால்மன் என்பதே புதுப் பழக்கம். 1980களில் நார்வே தன் வளர்ப்பு சால்மனை ஜப்பானில் விற்க எடுத்த முயற்சியில் வந்தது. இந்த நிகிரியே அந்தக் காலத்துத் தெருக்கடைத் தீனிதான். 1820களில் இன்றைய டோக்கியோவான எடோவில் ஹனாயா யோஹே என்பவர் தொடங்கி வைத்ததாகச் சொல்வார்கள். நின்றபடி வாங்கி, கையால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு நடப்பார்கள். அதனால் சாப்ஸ்டிக் பிடிக்க வராது என்று கூச்சப்பட வேண்டாம். நிகிரியைக் கையால் சாப்பிடுவது முறைதான், இன்னும் சொல்லப்போனால் அதுதான் வசதி.

உங்கள் மனைவி விஷயத்துக்கு வருகிறேன், இதில்தான் அதிகம் ஏமாறுவார்கள். மெனுவில் 'வெஜிடபிள்' என்று எழுதியிருந்தாலும் நம்பிவிட முடியாது. ஜப்பானியச் சமையலின் அடித்தளம் தாஷி என்ற சாறு. கொம்பு என்ற கடற்பாசியையும், புகையூட்டி உலர்த்திய போனிட்டோ மீனின் சீவலையும் வைத்து எடுப்பது. 1908இல் இக்கேடா கிக்குனாயே என்ற வேதியியல் பேராசிரியர் இந்தக் கொம்புச் சாற்றிலிருந்துதான் குளூட்டமேட்டைப் பிரித்து, அதன் ருசிக்கு 'உமாமி' என்று பெயர் வைத்தார். இந்தச் சாறு மிசோ சூப்பில் இருக்கும், பொரித்த டோஃபுவின் மேல் ஊற்றும் குழம்பில் இருக்கும், கீரையை ஊறவைத்த நீரிலும் டெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளும் சாற்றிலும் இருக்கும். தட்டில் காய்கறி மட்டும்தான் தெரியும், மீன் ருசியாக மட்டும் இருக்கும். பரிமாறுபவர் சின்னப் பையன் என்றால் அவருக்கே தெரியாது. ஆரம்பத்தில் எனக்கும் தெரியவில்லை. ஒரு சைவக்காரருக்கு மிசோ சூப்பைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, உள்ளே திட்டு வாங்கித்தான் கற்றுக்கொண்டேன்.

எனவே 'சைவம் இருக்கிறதா?' என்று கேட்காமல், 'தாஷி மீனில் எடுத்ததா, கொம்பு மட்டுமா?' என்று கேளுங்கள். இந்தக் கேள்வி வந்தால் கிச்சனில் நிமிர்ந்து உட்காருவார்கள். ஜப்பானியப் புத்த மடங்களின் சைவச் சமையலில் கொம்பும் உலர்ந்த ஷீட்டாகே காளானும் வைத்தே தாஷி எடுப்பார்கள், அதனால் முடியாத விஷயம் இல்லை, முன்கூட்டிச் சொல்ல வேண்டும் அவ்வளவுதான். பெரிய சிக்கல் இல்லாதவை என்றால் உப்புப் போட்ட எடமாமே என்ற பச்சை சோயா பீன்ஸ், வெள்ளரி, அவகாடோ ரோல்கள், கரியில் சுட்ட காளான், சோளம். கத்தரிக்காயைப் பாதியாக வெட்டி மிசோ தடவிச் சுடுவது அருமையாக இருக்கும், ஆனால் அந்த மிசோவில் தாஷி கலந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காய்கறி டெம்புராவுக்குச் சாற்றை விட்டுவிட்டு உப்பு வாங்கிக்கொள்ளலாம். இறாலைப் பொரித்த எண்ணெயா என்பது இன்னொரு கேள்வி. சூடான பண்டத்தின் மேல் மெல்லிய சீவல் உயிருள்ளது போல ஆடினால் அது போனிட்டோ மீன். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் யாராவது உங்களோடு வந்தால், சாதாரண சோயா சாஸில் கோதுமை உண்டு என்பதையும் ஞாபகம் வையுங்கள்.

எதற்குப் பணம் கொடுப்பது? பச்சை மீன், நிகிரி, கரியடுப்பு, இந்த மூன்றுக்கும் கொடுங்கள். அங்கே திறமைக்குக் காசு. தங்கத் தாள் ஒட்டிய எதுவும் தண்டம். தங்கத்துக்கு ருசியே கிடையாது. டிரஃபிள் என்ற மணமான காளானின் பெயரில் வரும் எண்ணெய் தெளித்ததும் அப்படித்தான், அந்த மணம் பெரும்பாலும் ஆய்வுக்கூடச் சரக்கு. மயோனைஸும் இனிப்பு சாஸும் போர்த்திய பெரிய ரோல்களில் மீன் எது என்று கண்ணைக் கட்டிவிட்டால் சொல்ல முடியாது. பசிக்குச் சாப்பிடலாம், மீனுக்காக என்று நினைத்து விலை கொடுக்காதீர்கள்.

வாக்யூ என்ற ஜப்பானிய மாட்டிறைச்சி பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏ5 என்பதில் 'ஏ' ருசியைக் குறிப்பதல்ல, உடலிலிருந்து எவ்வளவு இறைச்சி தேறும் என்பதற்கான தரம். 5 என்பதுதான் கொழுப்புக் கோடுகள், நிறம், இறுக்கம் இவற்றுக்கான மதிப்பெண். கொழுப்புக் கோடுகளுக்கு 1 முதல் 12 வரை தனி அளவும் உண்டு. 8 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் 5. கோபே என்பது ஹியோகோ மாகாணத்தின் தஜிமா வம்ச மாட்டுக்கு மட்டும் உரிய பெயர். வேறு நாட்டில் வளர்த்த கலப்பின மாட்டையும் வாக்யூ என்று விற்பார்கள். அது மோசம் என்று சொல்லவில்லை, ஆனால் விலை ஒன்றாக இருக்கக் கூடாது. அசல் ஏ5 என்றால் எண்பது கிராம் போதும். நாலாவது துண்டிலேயே திகட்டும். பெரிய ஸ்டேக்காகக் கேட்டுவிட்டு முடிக்க முடியாமல் பார்சல் கேட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

குடிக்க விருப்பம் இருந்தால், சாப்பாட்டோடு சாகே என்ற அரிசி மது, லவுஞ்சில் தொடக்கத்துக்கு ஹைபால், அதாவது விஸ்கியும் சோடாவும். சாகே லேபிளில் ஒரு சதவீதம் போட்டிருக்கும். அரிசியைத் தீட்டிய பிறகு மிச்சம் இருப்பது எவ்வளவு என்று அர்த்தம். 60 அல்லது அதற்குக் கீழே என்றால் கின்ஜோ, 50 அல்லது அதற்குக் கீழே என்றால் தாய்கின்ஜோ. ஜுன்மாய் என்று சேர்த்து எழுதியிருந்தால் வெளியிலிருந்து ஆல்கஹால் சேர்க்கவில்லை. எண் குறையக் குறைய விலை ஏறும், பழ வாசனை கூடும். ஆனால் மிசோ, கரியில் சுட்டது போன்ற கனமான ருசிக்கு அந்த வாசனை இடைஞ்சல். அதற்குச் சாதாரண ஜுன்மாய் போதும், 40 டிகிரி வாக்கில் வெதுவெதுப்பாகச் சூடுபண்ணித் தரச் சொல்லுங்கள். சூடான சாகே மட்டம் என்பது வெறும் கட்டுக்கதை. கிளாஸ் கணக்கில் வாங்கினால், பாட்டில் எப்போது திறந்தது என்று கேட்கத் தயங்காதீர்கள். திறந்து பல நாளான தாய்கின்ஜோவில் நீங்கள் விலை கொடுத்த வாசனை மிச்சம் இருக்காது. சாகே பெரும்பாலும் 15, 16 சதவீதம், வைனைவிட ஏறுவது. கிண்ணம் சின்னது என்று ஏமாந்துவிட வேண்டாம். தன் கிண்ணத்தில் தானே ஊற்றிக்கொள்ளாமல் ஒருவருக்கு ஒருவர் ஊற்றுவது அங்கத்திய வழக்கம்.

விஸ்கியில் ஜப்பானுக்கு நூறு வருடக் கதை உண்டு. 1923இல் டோரீ ஷின்ஜிரோ யமசாகியில் ஆலையைத் தொடங்கினார். ஸ்காட்லாந்தில் கற்றுவந்த டாக்கெட்சுரு மசடாக்கா அங்கே வேலை பார்த்துவிட்டு 1934இல் யொய்ச்சியில் தன் ஆலையைக் கட்டினார். உலகம் முழுக்கக் கேட்கத் தொடங்கியதும் பழைய சரக்கு தட்டுப்பாடாகிவிட்டது. வெளிநாட்டு விஸ்கியை வாங்கிவந்து ஜப்பானிய லேபிள் ஒட்டியவர்களும் இருந்தார்கள். அதனால் தயாரிப்பாளர் சங்கம் 2021இல் ஒரு விதி கொண்டுவந்து, 2024 ஏப்ரலிலிருந்து முழுதாக நடைமுறைக்கு வந்தது: ஜப்பானிலேயே வடிக்க வேண்டும், மரப்பீப்பாயில் அங்கேயே குறைந்தது 3 வருடம் வைக்க வேண்டும். இது சட்டம் அல்ல, சங்கத்து உறுப்பினர்கள் ஒப்புக்கொண்ட கட்டுப்பாடு. மெனுவில் கேள்விப்படாத பெயர் பெரிய விலையில் இருந்தால் பார்டெண்டரிடம் எங்கே வடித்தது என்று கேளுங்கள்.

ஹைபால் போடுவதைப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். உயரமான கிளாஸை ஐஸால் நிரப்பிக் கிளறுவார், கிளாஸ் குளிர்ந்ததும் உருகிய தண்ணீரைக் கொட்டுவார். விஸ்கியை ஊற்றி மறுபடி கிளறுவார். பிறகு அதைப் போல மூன்று நான்கு மடங்கு சோடாவை ஐஸ் மேல் படாமல் ஓரமாக இறக்குவார். கடைசியில் கரண்டியை ஒரே ஒரு முறை அடியிலிருந்து தூக்கி விடுவார். எல்லாம் அந்தக் குமிழியைக் காப்பாற்றத்தான். மெதுவாகச் சப்பிக்கொண்டு உட்கார இது ஏற்றதல்ல. பேச்சுக்குத் துணையாக ஏதாவது வேண்டும் என்றால் பெரிய ஐஸ் உருண்டை போட்ட விஸ்கி, அல்லது ஊமே என்ற ஜப்பானியப் புளிப்புப் பழத்தை மதுவில் ஊறவைத்த இனிப்பான ஊமேஷு. உங்கள் மனைவி குடிக்காதவர் என்றால் யூசு என்ற எலுமிச்சை வகைப் பழத்தின் சாறும் சோடாவும் நன்றாக இருக்கும்.

மரியாதை விதிகள் என்று இணையத்தில் ஐம்பது சொல்வார்கள், பாதி மிரட்டல். கவுண்டரில் அழுத்தமான சென்ட் வேண்டாம்; மற்றவர் சாப்பாட்டையும் கெடுக்கும். சாப்ஸ்டிக்கைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைப்பதும், ஒருவர் சாப்ஸ்டிக்கிலிருந்து இன்னொருவர் சாப்ஸ்டிக்குக்கு உணவை மாற்றுவதும் ஜப்பானில் சாவுச் சடங்கோடு சேர்ந்தவை, அதனால் தவிர்க்க வேண்டும். சோயாவில் தொடுவதென்றால் மீன் பக்கத்தைத் தொடுங்கள், சோற்றை முக்கினால் உதிர்ந்துவிடும். செஃப்பே மேலே சாஸ் பூசிக் கொடுத்தால் எதிலும் தொட வேண்டாம். ஊறுகாய் இஞ்சி ஒரு மீனுக்கும் அடுத்த மீனுக்கும் நடுவே வாயைச் சுத்தம் பண்ண, சுஷி மேல் வைத்துச் சாப்பிட அல்ல. போட்டோ ஒன்று எடுங்கள், சட்டென்று எடுங்கள்.

ஜப்பானில் டிப்ஸ் வழக்கம் இல்லை. மற்ற நாட்டில் என்றால் அந்த நாட்டு வழக்கம்தான்; சர்வீஸ் சார்ஜ் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்று பில்லைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். லவுஞ்சுக்கு மாறுவதற்கு முன் கவுண்டர் பில்லை அங்கேயே முடித்துவிடுவது நல்லது, இல்லையென்றால் இரண்டு மணி நேரம் கழித்து மங்கலான வெளிச்சத்தில் எது யார் சாப்பிட்டது என்று தேட வேண்டியிருக்கும். எழுந்திருக்கும்போது செஃப்பைப் பார்த்து 'கோச்சிசோசாமா' என்று சொல்லுங்கள், சாப்பாட்டுக்கு நன்றி என்று அர்த்தம். எங்கள் செஃப் எவ்வளவு வேலை இருந்தாலும் அந்தச் சத்தம் கேட்டால் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.